மூன்றாண்டு பி.காம். படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்புரை

கொங்குப் பகுதியில் அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 2022ஆம் ஆண்டு சேர்ந்து, 2025ஆம் ஆண்டு பி.காம். பட்டம் பெற்றேன். என் அத்தை மகன் அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.பி.ஏ. என்ற வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பு படித்தார். நான் இப்போது திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், பட்டயக் கணக்காளர் ஆவதற்குக் கட்டாயமான ஆர்ட்டிக்கிள்ஷிப் பயிற்சியில் இருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதால், அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். கணக்குப் பாடங்களுக்காக மட்டுமே இந்தப் படிப்பில் மூன்றாண்டுகளைச் செலவிடலாம் என்பதும், மற்ற பாடங்களின் தரம் கல்லூரிக்குக் கல்லூரி, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் என்பதும் என் முடிவு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.காம். என்பது ஒரே படிப்பாக இல்லை, பொது பி.காம். தவிர, சி.ஏ., பி.ஏ. (தொழில்முறைக் கணக்கியல்), சி.எஸ். (நிறுமச் செயலாண்மை), ஏ அண்டு எஃப் (கணக்கியலும் நிதியும்), வங்கி மேலாண்மை எனப் பல பின்னொட்டுகளுடன் விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறும். இவற்றில் சி.ஏ. என்பது கணினிப் பயன்பாட்டைக் குறிக்கிறதே தவிர, பட்டயக் கணக்காளர் படிப்பைக் குறிப்பதில்லை. இதை அறியாமல் மகளைச் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் வந்து "இவள் எப்போது ஆடிட்டர் ஆவாள்?" என்று கேட்ட ஒரு தந்தையை எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை ஆகிய பாடங்கள் ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளிலும் உண்டு. பின்னொட்டால் மாறுபவை மீதமுள்ள சில தாள்கள்தாம் என்பதால், அதற்காக மட்டும் தொலைவில் உள்ள கல்லூரியையோ கூடுதல் கட்டணத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பள்ளியில் பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று படித்துவிட்டு வந்த எனக்கு, கல்லூரியில் அவை அனைத்தும் ஒரே வாரத்தில் டெபிட், கிரெடிட், ஜர்னல், லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ் என்று ஆயின. முதல் பருவத்தில் எங்களுக்கு நிதிக் கணக்கியல் நடத்திய பேராசிரியர் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் எழுதி, இரண்டு மாதங்கள் அந்தக் கோட்டை அழிக்கவே இல்லை. அந்த இரண்டு மாதங்கள் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதல் பருவத்திலேயே அரியர் வைத்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவர் தீர்த்து வைத்த ஒரு குழப்பத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா வைத்திருக்கும் நோட்டில், கையில் பணம் வந்தால் அது வரவு. கல்லூரியிலோ, பணம் வந்தால் ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். வந்த பணம் எப்படிப் பற்று ஆகும் என்று வகுப்பில் கேட்டபோது, "உங்கள் அப்பா எழுதுவது ரொக்கத்தின் கணக்கு அல்லம்மா, பணம் தந்தவருடைய கணக்கு, தந்தவருக்குத்தான் வரவு வைக்கிறார்" என்று அவர் விளக்கினார். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு கணக்குகள் உண்டு என்பதும், வீட்டு நோட்டில் அவற்றுள் ஒன்று மட்டுமே எழுதப்படுகிறது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடத்தைத் தமிழிலேயே திறந்து காட்டக்கூடிய ஆசிரியர் இருக்கிறாரா என்பது, கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட முக்கியமான கேள்வி.

முதலாண்டில் கணக்குகளை முழுக்கக் கையால் எழுதினோம். கணினி இருக்கும்போது இது எதற்கு என்று அப்போது சலித்துக்கொண்ட நான், இன்று அதன் பயனை நாள்தோறும் காண்கிறேன். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் பட்டியலிடும் இருப்பாய்வின் இரு பக்கங்களும் பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று பொருள் அல்ல. விடு பிழை (பதிவு செய்யாமல் விடுவது), செய் பிழை (தவறான கணக்கில் எழுதுவது போன்றது), விதிப்பிழை (சொத்தைச் செலவாக எழுதுவது போன்றது), ஈடுசெய் பிழை (ஒரு பிழையை இன்னொரு பிழை மறைப்பது) ஆகியவை இருப்பாய்வில் தெரியாமலே இருக்கக்கூடும் என்று ஒரு பாடம் உண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிடும் பாடமாகவே அதை நினைத்தேன். பயிற்சியில் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு பனியன் நிறுவனம் புதிதாக வாங்கிய ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் விலை, இயந்திரப் பழுதுச் செலவில் பதிவாகியிருந்ததைக் கண்டேன். மென்பொருளில் எல்லாத் தொகைகளும் அழகாகப் பொருந்தியிருந்தன. பல ஆண்டுகள் உழைக்கப்போகும் சொத்து ஒரே ஆண்டின் செலவாகிவிட்டதால், அந்த ஆண்டின் இலாபம் குறைந்து காட்டப்பட்டிருந்தது. தேய்மானமாக எடுக்க வேண்டியது எவ்வளவு, சொத்தாக நிற்க வேண்டியது எவ்வளவு என்று பிரித்து எழுத அந்தக் கைப்பழக்கமே உதவியது.

என்னைக் கேட்டால், மூன்றாண்டுகளிலும் மிகச் சிறந்த பாடம் அடக்கவிலைக் கணக்கியல்தான். அதில் வரும் செயல்முறை அடக்கம் என்ற பகுதி திருப்பூருக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, சாயப் பட்டறைக்குப் போய், துணி பின்னர் சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங்குக்கு வரும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறையும். அதில் எவ்வளவு இயல்பான இழப்பு, எவ்வளவு இயல்புக்கு மீறிய இழப்பு என்று பிரிப்பதே கணக்கின் சாரம். எடுத்துக்காட்டாக, 1,000 கிலோ துணிக்குச் சாயக்கூலியும் சேர்த்து 3,80,000 ரூபாய் செலவாகியிருக்கிறது என்றும், 5 விழுக்காடு இழப்பு இயல்பானது என்றும் கொள்வோம். 950 கிலோ வர வேண்டும் என்பதால் ஒரு கிலோவின் அடக்கம் 400 ரூபாய். ஆனால் வந்தது 930 கிலோ என்றால், குறைந்த 20 கிலோவுக்கான 8,000 ரூபாயைத் துணியின் விலையில் ஏற்றக் கூடாது. அதைத் தனியாக இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த 8,000 ரூபாயை விலையில் கலந்துவிட்டால், தவறு சாயப் பட்டறையில் நடந்ததா நம் கிடங்கில் நடந்ததா என்ற கேள்வியே எழாமல் போய்விடும். பவர் டேபிளில் தையல் வேலைக்குப் போகும் என் அப்பாவிடம் இந்தக் கணக்கை வீட்டில் போட்டுக் காட்டினேன்; நான் என்ன படிக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்த முதல் நாள் அதுதான்.

கூட்டாண்மைக் கணக்குகளில் கார்னர் எதிர் மர்ரே என்ற 1904ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பையும் படிக்கிறோம். கூட்டாளி ஒருவர் நொடித்துப்போனால், அவரால் ஈடுகட்ட முடியாத குறையை மற்றவர்கள் இலாபப் பகிர்வு விகிதத்தில் அல்லாமல் தங்கள் மூலதன விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. அண்ணன் தம்பிகள் கூட்டாகத் தொழில் நடத்தும் ஊரில் இது வெறும் பழங்கதை அல்ல. ஆயினும் பாடத்தில் விதியைச் சொல்லிக் கணக்கைப் போட வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டாண்மை ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை.

வரிப் பாடங்கள்தாம் எனக்குப் பெரிய ஏமாற்றம். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவுகளையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்தோமே தவிர, ஒரு மாதத்து விற்பனைப் பட்டியல்களை வைத்துக்கொண்டு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (வரிச் சுருக்கம்) ஆகிய விவரத்தாள்களை ஒருமுறைகூட மாதிரியாக நிரப்பிப் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே கேட்கப்படும் வேலை அதுதான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்குச் செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்ற விதியை, அதை நம்பியே தொழில் நடக்கும் பகுதியில் இருந்துகொண்டு, நான் அலுவலகத்தில்தான் கற்றேன். வருமான வரியில் நாங்கள் படித்தது 1961ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களுக்குப் பதிலாக வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வந்துவிட்டது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. இனிச் சேர்பவர்கள் மூத்த மாணவர்களின் வரிப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கணினிக் கூடத்தைப் பற்றியும் வருத்தத்துடன்தான் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் டாலி என்ற கணக்கு மென்பொருளின் உரிமத்தை வாங்காமல், கல்விப் பயன்பாட்டு நிலையிலேயே வைத்திருந்தார்கள். அந்த நிலையில் மாதத்தின் முதல் இரண்டு நாள்கள், கடைசி நாள் ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவுகளைச் செய்ய முடியும். ஆகவே ஒரு மாதத்தின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் முதல் தேதியிலேயே போட்டுப் பழகினோம். வங்கி அறிக்கையுடன் தேதி வாரியாக ஒப்பிட்டு, வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தயாரிக்கும் பயிற்சிக்கு இதில் வழியே இல்லை. உரிமம் வாங்கிய கல்லூரிகளும் இருக்கின்றன என்பதால், சேரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தேர்வு முறை பெரும்பாலான கல்லூரிகளில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்றே அமைந்திருக்கிறது. கணக்குத் தாள்களில் இது நியாயமாக வேலை செய்கிறது. மேலாண்மைக் கோட்பாடுகள், வணிகச் சட்டம் போன்ற தாள்களிலோ, முந்தைய ஐந்து ஆண்டு வினாத்தாள்களைப் படித்தாலே தேர்ச்சி பெற்றுவிடலாம். நானும் அப்படித்தான் தேர்ச்சி பெற்றேன் என்பதால், ஒப்பந்தச் சட்டத்தை இப்போது இரண்டாம் முறையாக முதலிலிருந்து படிக்கிறேன்.

அத்தை மகன் படித்த பி.பி.ஏ.வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தைப்படுத்துதல், மனிதவள மேலாண்மை, நிறுவன நடத்தையியல், தொழில்முனைவு ஆகியவை அதில் மிகுதி. கணக்குப் பாடங்கள் உண்டு என்றாலும் பி.காம். அளவுக்கு ஆழமில்லை. மேடையேறிப் பேசவும், பத்துப் பேர் முன்னிலையில் ஒரு திட்டத்தை எடுத்துரைக்கவும் அவருக்கு வந்திருக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறுதியாண்டுத் திட்ட அறிக்கைதான் அந்தப் படிப்பின் உயிர். அதைக் கடையில் ஆயத்தமாக வாங்கி அட்டை போட்டுச் சமர்ப்பித்தவர்களும் அவர் வகுப்பில் இருந்தார்கள். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு மாதங்கள் உட்கார்ந்து, தொழிலாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். அத்தை மகன் இரண்டாம் வகையினர். அந்த நிறுவனமே பிறகு அவருக்கு வேலை கொடுத்தது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்திருக்கிறது என்பதால், சேரும் கல்லூரி அதன் ஒப்புதலைப் பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. ஒரே கல்லூரியில், சில வேளை ஒரே ஆசிரியரிடம் படித்தும் எனக்கும் அத்தை மகனுக்கும் அந்த வேறுபாடு இருந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அதில் அடங்கின. அதன் பொருட்டு வீட்டில் ஒருமுறைகூடக் கை நீட்ட நேரவில்லை.

பட்டயக் கணக்காளர் ஆக விரும்புவோருக்கு இந்தப் பட்டம் தரும் ஒரு நேரடிப் பயன் உண்டு. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால், பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் கட்டமான அடிப்படை நிலைத் தேர்வை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். பிற பட்டதாரிகளுக்கு இது 60 விழுக்காடு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக்காலமும் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. நான் இந்த வழியில்தான் வந்தேன். பிளஸ் டூ முடித்தவுடன் அடிப்படைத் தேர்வு எழுதியிருந்தால் காலம் மிச்சமாகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பத்தியை எழுதவே திணறிய 17 வயதில் அந்தத் தேர்வு என்னால் இயன்றிருக்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் சேர்க்கை நாளுக்கு முன்பே ஒரு வேலைநாளில் அங்கே போய் வர வேண்டுகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அடக்கவிலைக் கணக்கியல் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். விடைகள் மட்டும் சுத்தமாகப் படியெடுக்கப்பட்டிருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள். அடித்தலும் திருத்தலுமாக, தவறிய வரியின் ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மைக் குறிப்புகளோடு அந்த நோட்டு இருந்தால், அங்கே விண்ணப்பம் வாங்குங்கள்.