கண்டியில் பட்டாளத்துப் பேட்ஜ் விற்கும் கடை: சாமானைப் பாருங்கள், சீட்டை நம்பாதீர்கள்

கண்டி டவுனில் திருகோணமலை வீதிப் பக்கம், படி ஏறி மாடிக்குப் போகிற ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. வெளியே பெயர்ப் பலகைகூட ஒழுங்காக இல்லை, கீழே உள்ள துணிக்கடையில் கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். நின்றுபோன சுவர்க் கடிகாரம், தோட்டத்துப் பங்களாக்களைக் காலி பண்ணியபோது வந்த பீங்கான், பழைய காசு எல்லாம் கிடக்கும். அதையெல்லாம் விடுகிறேன். கண்ணாடி அலமாரிக்குள் பட்டாளத் தொப்பிச் சின்னங்கள் நிறைந்த தட்டுகள் இருக்கின்றன, எனக்குப் பைத்தியம் அதில்தான், அதிலும் கடலோரப் பீரங்கிப் படையின் சாமான்களில்.

மலைநாட்டில் கடலோரப் பீரங்கிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துத் தொண்டர் படைகள் ஆண்டுதோறும் பயிற்சிக்குக் கூடியது மலைநாட்டுத் தியத்தலாவையில். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தையே பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். தோட்டத் தொரைமாருக்கென்று 1900இல் தொடங்கிய சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் கண்டியில்தான் இருந்தது, அதில் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் இடம், கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் எட்டிப் பார்க்கவே முடியாது. ஆக இந்தப் பக்கம் பித்தளைச் சின்னங்கள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. பிளாண்டர்ஸ் சின்னத்துக்குத்தான் கடையில் ஆக அதிக விலை, நான் தொடவில்லை.

பீரங்கிச் சின்னத்துக்கு வருகிறேன். சக்கரத்தோடு நிற்கும் ஒரு பீரங்கி, மேலே கிரீடம், அதன் கீழ் ஒரு நாடாவில் 'உபிக்வே' (எங்கும்), அடியில் இன்னொரு நாடாவில் 'நீதியும் புகழும் அழைத்துச் செல்லும் இடத்துக்கு' என்று பொருள்படும் லத்தீன் வரி. இந்த இரண்டு வரிகளும் பிரிட்டனின் பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரிக்கு 1830களில் நான்காம் வில்லியம் மன்னர் கொடுத்தவை. மற்றப் படைப்பிரிவுகள் தாங்கள் சண்டை போட்ட ஊர்களின் பெயரைக் கொடியில் தைத்துக்கொள்ளும், பீரங்கிப் படைக்கு அந்தப் பட்டியலே கிடையாது, 'எங்கும்' என்ற ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். கொடியும் கிடையாது, பீரங்கிதான் கொடி, அதற்குரிய மரியாதையும் அதற்கே. பிரிட்டனில் தொண்டர் பிரிவுகள் பலவற்றின் சின்னத்தில் 'உபிக்வே' இருந்த இடத்தில் லாரல் இலைதான் இருக்கும், இது தெரியாமல் "எழுத்து தேய்ந்துவிட்டது" என்று நல்ல சாமானை ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடையின் பெரிய குறை, ஒவ்வொன்றிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சீட்டு. ஒன்றில் 'சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி, முதல் உலகப் போர்' என்று எழுதி 6,500 ரூபா போட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கிரீடத்தின் நடு வளைவு பள்ளமாக இறங்குகிறது. 1901 முதல் 1950களின் தொடக்கம்வரை அரசர்கள் காலத்துக் கிரீடம் கூண்டுபோல மேலே எழும்பி நிற்கும், நடுவில் இறங்குவது எலிசபெத் அரசி வந்த பிறகு போட்டது. முதல் உலகப் போருக்கும் அதற்கும் முப்பது வருடத்துக்கு மேல் இடைவெளி. கடைக்கார நானாவிடம் சொன்னேன். கோபமே இல்லை. "நான் என்னத்தக் கண்ட மகன், கொண்டு வந்தவன் சொன்னதத்தான் எழுதின" என்று சீட்டைக் கத்தரித்துப் போட்டுவிட்டு விலையையும் பாதிக்குக் கீழே இறக்கினார். இந்த ஒரு குணத்துக்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

இன்னொன்று, எல்லாப் பீரங்கிச் சின்னத்துக்கும் அவர் ஒரே கதை சொல்கிறார்: "இது கொகோஸ் தீவுல நின்ட ஆளுட." கேட்க நன்றாகத்தான் இருக்கும். கொகோஸ் இந்து சமுத்திரத்தில் உள்ள ஒரு தீவுக் கூட்டம், இரண்டாம் உலகப் போரில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1888இல் சிலோன் ஆர்ட்டிலரி வொலன்டியர்ஸ் என்று தொடங்கி, பிறகு சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி ஆன படை அது, துறைமுகங்களைக் காப்பது வேலை. ஆறு அங்குலப் பீரங்கியின் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ, ஒரு சீமெந்து மூட்டையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இவ்வளவையும் வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 1942 ஏப்ரல் 5இல் கொழும்புக்கும் 9இல் திருகோணமலைக்கும் ஜப்பான்காரன் வந்தது ஆகாயத்தில். கப்பல்கள் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டன. அடுத்த மாதம், மே 8 இரவு, கொகோஸ் கூட்டத்தில் ஹோர்ஸ்பர்க் தீவில் இரண்டு பீரங்கிகளோடு இருந்த இந்தப் படைக்குள்ளேயே கலகம். கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் எழுந்தார்கள், ஒரு சிப்பாய் செத்தார், விடிவதற்குள் அடங்கிவிட்டது. ஆகஸ்ட்டில் வெலிக்கடைச் சிறையில் மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகப் பொதுநலவாயப் படையில் மரண தண்டனை நிறைவேறியது இவர்களுக்கு மட்டும்தான். அந்தச் சின்னத் தீவில் நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நானாவின் தட்டில் எத்தனை சின்னம் இருக்கிறது, நீங்களே கணக்குப் போடுங்கள். பிரிட்டனிலிருந்து வந்த பீரங்கிப் படைக்காரர்களும் போர்க்காலத்தில் இங்கே நிறைய இருந்தார்கள், வெறும் ராயல் ஆர்ட்டிலரிச் சின்னத்தை வைத்து அணிந்தவன் கொழும்பானா லண்டன்காரனா என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கில் போனவர்களின் கதையைச் சொல்லி விலை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

சரி, எதை வாங்கலாம்? பின்பக்கத்தைப் பாருங்கள். அச்சில் அடித்ததற்கு முன்பக்க மேடு பின்னால் பள்ளமாகத் தெரியும், சக்கரத்தின் ஆரக்கால்கள் கூர்மையாக இருக்கும். மணலில் வார்த்த நகலில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள், அதைப் பொம்மை என்று நினைத்து விடாதீர்கள். சக்கரம் தனியாகச் சுற்றுகிற வகை ஒன்று உண்டு, இங்கே ஒன்று கிடைத்தது, 4,000 ரூபாவுக்கு எடுத்தேன், இன்னும் சுற்றுகிறது. நானா பூதக்கண்ணாடியும் கொடுத்து ஜன்னல் பக்கம் ஸ்டூலும் போட்டுவிடுவார். வேறு ஊரில் ஒரு கடையில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கச் சொன்னார்கள், பேசாமல் வந்துவிட்டேன்.

ஓடர் கொடுத்தால் மரக் கேடயத்தில் சின்னம் செதுக்கித் தருவதாகப் போட்டிருப்பதை மட்டும் மறந்துவிடுங்கள். மாதிரிக்கு மாட்டியிருப்பதில் 'உபிக்வே'யில் ஓர் எழுத்தைக் காணோம், கிரீடம் கேக் மாதிரி இருக்கிறது, மேலே தங்கப் பெயின்ட் வேறு.

போவதற்கு முன் தெய்யன்னவெலையில் உள்ள போர்வீரர் மயானத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகலாம். அங்குள்ள கற்களில் படைப்பிரிவுச் சின்னங்களை ஒழுங்காகச் செதுக்கியிருக்கிறார்கள், எது எப்படி இருக்க வேண்டும் என்று கண் பழகும், காசும் இல்லை. கடையில் கார்ட் எடுக்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நடுப்பகல் பூட்டியிருக்கும். ரசீது கேட்டால் கையால் எழுதித் தருவார். அதில் 'அசல்' என்று எழுதச் சொல்லுங்கள், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் விலையை இன்னும் குறைக்கலாம்.