வால்பாறை மேட்டில் திணறிய பிக்கப்: கம்பெனி சர்வீஸா, பட்டறை ஸ்கேனரா, சொந்தக் கருவியா?

பொள்ளாச்சிக்குள் ஓடும்வரை எல்லாம் சரியாக இருக்கும். ஆழியாறு தாண்டி மேடு தொடங்கியதும்தான் என் பிக்கப் தன் குணத்தைக் காட்டும். பாரத்தோடு மூன்றாம் கியரில் மிதித்தால் இரண்டு விநாடி யோசிக்கும், பிறகுதான் இழுக்கும். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது செக் என்ஜின் விளக்கு எரியும், இழுவை பாதியாகிவிடும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் இழுவை திரும்பும், விளக்கு மட்டும் அப்படியே நிற்கும். காலி வண்டியாகப் போனால் இதில் ஒன்றுமே தெரியாது.

2017 மாடல், பி.எஸ்.4 புகை விதிப்படி வந்த டீசல், காமன் ரெயில் என்ஜின். ரெயில் என்பது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் அழுத்தத்தோடு டீசல் தரும் பொதுக் குழாய். வாரம் இரண்டு நடை வால்பாறைக்கு மளிகைச் சரக்கு. மொத்தம் நாற்பது வளைவு. குறையைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன மூன்று வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன், தலைகீழ் வரிசையில். செலவு அதிகமானதை முதலிலும், குறைவானதைக் கடைசியிலும்.

கம்பெனி சர்வீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரண்டி இருக்கும் வண்டிக்கு அதுதான் இடம். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் எண்ணை ஈசியூவில், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், பதிய வேண்டும். அந்த வேலைக்குத் தேவையான கருவி அவர்களிடம் நிச்சயம் இருக்கும். எனக்கு இரண்டு நாள் கழித்துக் கிடைத்த பதில், ஹை பிரஷர் பம்ப்பை மாற்றிவிடலாம் என்பது. மதிப்பீட்டுச் சீட்டைப் பார்த்தேன், சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது பட்டறை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார்கள், ஐந்தே நிமிடம். பி0087 என்ற பிழைக் குறியீடு வந்தது; பட்டறையில் அதைக் கோடு (code) என்பார்கள். ரெயில் பிரஷர் குறைவு என்று பொருள். "பிரஷர் சென்சார் போய்விட்டதுங்க தம்பி, மாற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்றார் மிஸ்திரி. மாற்றினோம், அந்தக் கோடு பதிவை அழித்தார், விளக்கு அணைந்தது. அடுத்த நடையில் அதே ஒன்பதாம் வளைவு, அதே விளக்கு.

கோடு என்பது நோயின் பெயரல்ல, அறிகுறிதான். ரெயிலில் அழுத்தம் குறைகிறது என்று ஈசியூ சொல்கிறது. யாரால் என்று அது சொல்லவில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்க் சல்லடையில் கசடு சேர்ந்திருக்கலாம், ஹோஸ் காற்றை உறிஞ்சலாம், பிரஷர் வால்வோ பம்ப்போ தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் பாதையில் டீசல் அளவுக்கு மீறி ஒழுகலாம். சென்சாரும் பட்டியலில் உண்டு. கழற்றுவதற்கு எளிது என்பதால் அது முதலில் வந்துவிட்டது.

மூன்றாவதாகத்தான், அதே சாக்கெட்டில் செருகி ஈசியூ சொல்வதைப் படித்து, புளூடூத்தில் போனோடு பேசும் சின்ன ஓபிடி கருவியை வாங்கினேன். முதலில் வாங்கியது போனோடு பேசியது, வண்டியோடு பேசவில்லை. கொஞ்சம் கூடுதல் விலையில் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தாலும் அந்த சென்சார் விலையில் பாதிகூட ஆகவில்லை.

என் வரையில் இந்தக் கருவி ஜெயிக்கக் காரணம் விலை அல்ல. குறை இருப்பது மலையில். மற்ற இரண்டு இடத்திலும் வண்டியைப் பார்த்தது கூரைக்கடியில். நின்ற இடத்தில் உறுமும் என்ஜினுக்கு ரெயிலில் முந்நூறு பார் அழுத்தம் இருந்தால் போதும். அரைகுறையாக டீசல் வந்தாலும் அது கிடைத்துவிடும். பாரத்தோடு மேடேறும்போதுதான் ஆயிரத்துக்கு மேல் கேட்கும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எந்தச் சாமானையும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த நடைக்கு மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது. ஈசியூ கேட்கும் அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம், டர்போ தரும் காற்றழுத்தம் என்று மூன்று எண்களைத் திரையில் வைத்தோம். சமதளத்தில் முதல் இரண்டும் ஒட்டியே போயின. ஏற்றத்தில் மிதித்தபோது "ஆயிரத்து நூற்றைம்பது கேட்கிறதுங்க மாமா, எழுநூறுதான் வருகிறது" என்று அவன் படித்தான். காலை எடுத்ததும் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொண்டன. டர்போ எண் ஒழுங்காக ஏறியது, ஆகவே டர்போ ஹோஸ் கிழிசல் என்ற சந்தேகம் போயிற்று. என்ஜின் ஓடாதபோது சென்சார் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது, சமதளத்தில் ஓடும்போது கேட்ட அளவோடு ஒத்துப்போனது. அதன் மேலும் பழி இல்லை. டீசல் வரத்துதான் போதவில்லை.

ஃபில்டர் போட்டு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. ஆகவே அதே மிஸ்திரியிடம் போய், டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பாதையில் உள்ளே ஓடுவது தெரியும்படி ஒரு துண்டு கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குமிழி குமிழியாகக் காற்று. டேங்க் பக்கத்து இணைப்பில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் கீழே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு துளி ஈரம்கூட இல்லாததால் அதுவரை யாரும் அந்தப் பக்கம் குனியவில்லை. புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கண்டுபிடித்தது கருவி என்றாலும் சரிசெய்தது அவர் கைதான்.

இன்னொரு விஷயம், கோடு பதிவை அழிப்பது பற்றி. விளக்கு எரிந்த நொடியில் என்ஜின் வேகம், பாரம், சூடு எவ்வளவு இருந்தன என்று ஈசியூ ஒரு குறிப்பு எழுதி வைக்கும்; ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோடு பதிவை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். பட்டறையில் முதலில் நடந்தது அதுதான். சொந்தக் கருவி இருந்தால் வண்டியை விடுவதற்கு முன்பே அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒரே ஒரு வண்டியில் கண்டது. பெட்ரோல் வண்டியில் நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுக்கக் கட்டாயமாவதற்கு முந்தைய சரக்கு வண்டியாக இருந்தால், கருவி அதோடு பேசாமலும் போகலாம்; யாரிடமாவது இரவல் கருவி வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பம்ப்பும் இன்ஜெக்டரும் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இது சந்தேகத்தைக் காட்டுமே தவிரத் தீர்ப்பு சொல்லாது. அதற்கு டீசல் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். வீடு வந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியைக் குடிக்கும்.

கழற்றிய பழைய ரெயில் பிரஷர் சென்சாரை டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். நல்ல சாமான்தான், ஒரு குறையும் இல்லை.