கியான் போஸ்ட்: பழைய புத்தகக் கடைக்காரன் பார்வையில்

பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன், முக்கால்வாசி தமிழ்ப் புத்தகங்கள். நேரில் வருகிறவர்களைவிட வாட்ஸ்அப்பில் அட்டைப்படம் பார்த்துவிட்டு "இது இருக்கா அண்ணா" என்று கேட்பவர்கள்தான் அதிகம், அதில் பாதிப் பேர் திருநெல்வேலி, கோவை, மும்பை என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அதனால் தபால் கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும் என் கல்லாவில் உடனே தெரியும். புத்தகம் அனுப்புவதற்கென்று தபால் துறை கொண்டுவந்த கியான் போஸ்ட் சேவையைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

முன்பு குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்பப் பதிவுப் புத்தகத் தபால் என்று ஒன்று இருந்தது, 2024 டிசம்பரோடு அது நின்றுபோனது. அதற்கப்புறம் வந்த சில மாதங்களை நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. 60 ரூபாய் புத்தகத்தை அனுப்ப அதைவிட அதிகமாகக் கூரியருக்குக் கேட்டால் யார் வாங்குவார்கள்? அப்படியும் ஒரு தனியார் கூரியரில் அனுப்பிய நான்கு புத்தகங்கள் நனைந்து, தாள்கள் ஒட்டிப்போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அதில் இரண்டு மறுபதிப்பே வராதவை, அவற்றுக்கு என்ன செய்ய முடியும்.

2025 மே 1 முதல் கியான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகம் எங்கே போகிறது என்று எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மெலிந்த கவிதைத் தொகுப்பு ஒன்றே ஒன்றைக்கூட இப்போது தயங்காமல் அனுப்ப முடிகிறது, எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒரு புத்தகம் கேட்டவரிடம் "இன்னும் இரண்டு சேர்த்து எடுத்துக்கோங்க" என்று வற்புறுத்த வேண்டியதில்லை.

தரைவழியாகத்தான் போகும், அவசரத்துக்கு ஆகாது. நாளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் ஸ்பீடு போஸ்ட்தான். எடை போடும்போது அட்டை, டேப் எல்லாம் சேர்த்துப் போடுங்கள், 290 கிராம் புத்தகம் கட்டி முடித்ததும் 300-ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். நான் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, நான்கு மூலைக்கும் மடித்த அட்டை, அதற்கு மேல் பழுப்புத் தாள் என்று கட்டுகிறேன்.

எனக்கு மனம் ஒப்பாதது ஒரு விதிதான். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், பருவ இதழ்கள் கூடாது. புதுப் புத்தகம் விற்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் என் கடையில் ஆட்கள் தேடி வருவதே பைண்டு செய்த தொடர்கதைகளைத்தான். அந்தக் காலத்தில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்று இங்கிருக்கும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த நம் தமிழர்கள் வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஓவியங்களோடு தைத்து, முதுகில் தங்க எழுத்தில் பெயர் போட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் காலம் முடிந்ததும் பிள்ளைகள் பரணிலிருந்து இறக்கித் தருவார்கள், பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "அப்பா யாரையும் தொடவிட மாட்டார் சார்" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார்கள். அந்தத் தொகுப்பில் பதிப்பாளர் பெயர் எங்கே இருக்கும்? முதல் பக்கம் கிழிந்த பழைய நாவல்களுக்கும் இதே கதிதான். தீபாவளி மலர்களையும் இதில் அனுப்புவதில்லை. இவற்றுக்கெல்லாம் கூடுதல் கட்டணத்தை முன்னாலேயே சொல்லிவிட்டு வேறு வழியில் அனுப்புகிறேன், சிலர் அதைக் கேட்டதும் விட்டுவிடுகிறார்கள்.

புத்தகம் விற்பவர்கள், நண்பர்களுக்குப் புத்தகம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் தைரியமாகப் பயன்படுத்தலாம். தபால் துறையில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டில் தைத்த அந்தத் தொகுப்புகளையும் புத்தகமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.