முகப்பில் 90, இரண்டாங்கட்டில் 3

சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் காரைக்குடிக்கு வந்திருந்தேன். அதில் ஒரு வாரத்துக்கு லீவு கிடைக்கவில்லை, ஊரிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். அங்கே காலை 9 மணிக்கு மீட்டிங் என்றால் இங்கே 6.30. காக்கைக்கு முன்னால் எழுந்து வீட்டின் உள்பக்கம் இருக்கும் இரண்டாங்கட்டு அறையில் போனைத் திறந்தால், படம் உறைந்து நிற்கிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது.

வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர். வேகம் பார்த்தேன், 3. போனை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்தேன். அதே 3. போனும் கையுமாக முகப்புக்கு நடந்தேன். அங்கே 90!

லைனில் குறை இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கே உரிய அவசரத்தில், கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை கடுமையாகவே பேசிவிட்டேன். பத்தரை மணிக்கெல்லாம் ஒரு தம்பி எக்ஸ்எல்லில் வந்து இறங்கிவிட்டார். ஃபைபர் முனையைக் கழற்றி, கையடக்க மீட்டரில் சொருகி என் முன்னால் நீட்டினார். "மைனஸ் 21ண்ணே, சிக்னல் நல்லா இருக்கு." மைனஸ் 27ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டுமாம். அப்புறம் வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து சொன்னார்: "லைன் ஓகேண்ணே. உங்க வீடுதான் ப்ராப்ளம்."

கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தாத்தா காலத்து வீடு, சுவர் இரண்டடி கனம். வைஃபை பாக்ஸை முகப்பில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். "அதைத் தொடாதேப்பா, அது பாட்டுக்கு எரியுது" என்று அப்பத்தா வேறு காவல்.

வைஃபையில் இரண்டு அலை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 மெதுவானது, கொஞ்சம் ஊடுருவும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால், நான் உள்ளே போகப் போகப் போன் சத்தமில்லாமல் 2.4க்குத் தாவியிருக்கிறது. சென்னையில் அண்ணன் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டு வைஃபைகள் முப்பதாவது வரும், அங்கே 2.4 அலைக்குள் இருக்கும் தடத்தை, அதாவது சேனலை, 1, 6, 11 என்று மாற்றிப் பார்ப்பதில் பலன் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. போனில் தெரிந்தவை மூன்றே பெயர்கள்தான், அதனால் இங்கே நெரிசலைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு குற்றவாளி நானேதான். முந்தின வாரம் கல்யாணத்தில் எடுத்த 800 போட்டோ, வீடியோவையெல்லாம் என் போன் வைஃபை கிடைத்ததும் பேக்கப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றும் வழி அடைத்துக்கொண்டால் இறக்குவதும் தடுமாறும். தம்பி அதைக் கண்டுபிடித்து நிறுத்தியதும் இரண்டாங்கட்டில் 3 என்பது 11 ஆனது. கடிந்து பேசியதை நினைத்துக் கொஞ்சம் கூசியது.

கடைவீதியில் ரிப்பீட்டர் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகிவிடும். பரணில் ஒரு பழைய ரூட்டர் கிடந்தது. முகப்பிலிருந்து தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்து, முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி, அந்த ரூட்டரை இரண்டாங்கட்டு வாசலில் மாட்டினார். தேக்குத் தூணில் ஆணி அடிக்க அப்பத்தா விடவில்லை, கயிற்றால்தான் கட்டினோம். கேபிளும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். பில் கேட்டால், "ஜிபேல இருக்குமேண்ணே" என்றார். இந்த ஒன்றில் மட்டும் ஊர் இன்னும் மாறவில்லை.

மறுநாள் 6.30 மீட்டிங்கில் 70 வந்தது. 7 மணிக்குக் கரண்ட் போனது, இரண்டு பாக்ஸும் அணைந்தன. அன்று மாலையே ரூட்டருக்கான சின்ன யூபிஎஸ் இரண்டு வாங்கி மாட்டினேன்.

திரும்பி வந்தபின் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பத்தா வந்தார். இத்தனை வருஷம் கட்டங்கட்டமாகத் தெரிந்த முகம், இப்போது மூக்குத்திக் கல் வரை தெரிகிறது. அவருக்கும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன் போல. "என்னப்பா, காதோரம் இவ்வளவு நரைச்சுப் போச்சு?" என்றார்.