ஜாவாவின் செட்.ஆஃப்: ஆள் சுருக்கம், ஆனால் ரொம்பக் கறார்

ஜாவா நிரல்மொழியில் மூன்று சொல்லை ஒரு செட்டில், அதாவது ஒரே மதிப்பு இரண்டு தடவை இருக்காத தொகுப்பில், போட்டு வைக்க எத்தனை சுற்று சுற்ற வேண்டியிருந்தது என்பது ஜாவா 8 வரை கோட் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதலில் அரேஸ்.ஆஸ்லிஸ்ட், அதைத் தூக்கி ஒரு நியூ ஹேஷ்செட்டுக்குள் (ஜாவாவின் வழக்கமான செட்) போடு, யாரும் கை வைக்கக் கூடாது என்றால் அதற்கு மேல் கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்செட் என்று இன்னொரு உறை. பைத்தான்காரர் இதையே ஒரு ஜோடி கர்லி பிராக்கெட்டில் முடித்துவிட்டுப் போய்விடுவார். 2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தபோதுதான், மாற்ற முடியாத செட்டை ஒரே வரியில் தரும் செட்.ஆஃப் வந்தது.

செட்.ஆஃப்("கெட்", "போஸ்ட்", "புட்"). அவ்வளவுதான். கோடைப் படிக்கிறவருக்கு ஒரே பார்வையில் புரிகிறது, எனக்கு முதலில் பிடித்தது அதுதான். உள்ளே நடப்பதும் நன்றாக இருக்கிறது: ஹேஷ்செட் என்பது அடியில் ஒரு ஹேஷ்மேப், ஒவ்வொரு உறுப்புக்கும் தனியாக ஒரு நோட் ஆப்ஜெக்ட் உருவாகும், செட்.ஆஃப் தருவதிலோ ஒரே ஒரு அரே (வரிசையாக அடுக்கிய இடங்கள்), உறுப்புகளைப் போல இரண்டு மடங்கு நீளம், அதிலேயே எல்லாம் உட்கார்ந்துவிடும். ஒன்றிரண்டு உறுப்புதான் என்றால் அந்த அரேகூடக் கிடையாது. மெமரியைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கு இது சும்மா கிடைத்த லாபம்.

இனி கறார். ஒரே மதிப்பை இரண்டு தடவை கொடுத்தால், செட் என்றால் இரட்டையை விழுங்கிவிடும் என்று நாம் நினைப்போம் இல்லையா, இது விழுங்காது, இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன் என்ற பிழையைத் தூக்கி எறியும். அதுவும் கம்பைல் ஆகும்போது இல்லை, ஓடும்போது. கையால் டைப் செய்த பட்டியலில் இது நியாயம்தான், காப்பி பேஸ்ட் தவறு உடனே மாட்டும். ஆனால் மதிப்புகள் வேரியபிள்களில் வருகின்றன என்றால் செட்.ஆஃப்(அனுப்புநர், பெறுநர்) என்று எழுதாதீர்கள். ஒருவர் தனக்குத்தானே அனுப்பும் நாளில் அந்த வரி வெடிக்கும். நல் (null, மதிப்பே இல்லை என்பதற்கான குறி) மதிப்பையும் உள்ளே விடாது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே நல் இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸ்(நல்) போட்டுச் சும்மா கேட்டால்கூட நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்! ஹேஷ்செட்டிடம் கேட்டால் பேசாமல் "இல்லை" என்று சொல்லும். பழைய கோடில் ஹேஷ்செட்டை எடுத்துவிட்டு இதை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், ஆட் செய்ய முடியாது என்பதை எப்படியும் முதல் டெஸ்ட்டே காட்டிவிடும்.

வரிசை விஷயம் தனி. ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு எண்ணை எடுத்து அதை வைத்து வரிசையைக் கலைத்துப் போடுகிறது, அதனால் இன்று வந்த வரிசை அடுத்த ஓட்டத்திலும் வரும் என்று நம்ப முடியாது. வேண்டுமென்றே செய்தது, வரிசையை நம்பி யாரும் கோட் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. செட்டை ஸ்ட்ரிங்காக்கி ஒப்பிடும் டெஸ்ட் ஒரு நாள் பாஸ், மறுநாள் ஃபெயில் என்று ஆட்டம் காட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

கொடுத்த வரிசை முக்கியம் என்றால் கூகுளின் குவாவா லைப்ரரியில் உள்ள இம்யூட்டபிள்செட்.ஆஃப் நல்லது, வரிசையைக் காப்பாற்றும், இரட்டை வந்தாலும் சத்தம் போடாது. இதற்காக மட்டும் ஒரு லைப்ரரியைச் சேர்ப்பது எனக்கு அதிகப்படி. ஏற்கெனவே ப்ராஜெக்டில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஜேவிஎம்மில் ஓடும் இன்னொரு மொழியான கோட்லினின் செட்ஆஃப் இன்னும் சாதுவானது, அதுவும் வரிசையைக் காக்கும். டபுள் பிரேஸ் என்று ஒரு வித்தை, ஹேஷ்செட்டுக்குப் பின்னால் இரண்டு கர்லி பிராக்கெட் திறந்து உள்ளே ஆட் ஆட் என்று அடுக்குவது, இன்னும் சில இடங்களில் உலவுகிறது. வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் பெயரில்லாத ஒரு புது கிளாஸ் உருவாகும், ஸ்டாட்டிக் இல்லாத மெத்தடுக்குள் எழுதினால் வெளி ஆப்ஜெக்டையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாறாத பட்டியலுக்கு என் ஓட்டு செட்.ஆஃப்புக்குத்தான், ஐந்துக்கு நான்கு. அந்தக் கன்டெய்ன்ஸ்(நல்) கோபத்துக்கு ஒன்று குறைத்தேன். ஓடும்போது வரும் மதிப்புகளுக்கு ஜாவா 10-இல் சேர்ந்த செட்.காப்பிஆஃப் இருக்கிறது, இரட்டையைப் பேசாமல் நீக்கிவிடும், நல் மட்டும் இங்கேயும் ஆகாது. பின்னால் உறுப்பு சேர்க்க வேண்டும் என்றால் நியூ ஹேஷ்செட்டுக்குள் செட்.ஆஃப்பைக் கொடுத்துவிடுங்கள், இன்னும் ஒரே வரிதான். ஈனம் (enum, முன்பே பெயரிட்டு வைத்த சில மதிப்புகள் மட்டும் கொண்ட வகை) மதிப்புகள் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம், ஈனம்செட்.ஆஃப் ஜாவா 5-இலிருந்தே இருக்கிறது, பிட்டுகளில் வேலை செய்வதால் வேகமும் அதிகம்.