"கியூ.ஓ.எஸ் போட்டாச்சு சார்" என்று சொல்லிப் பில் நீட்டினால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

அலுவலகத்தில் ஐ.பி. போன் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவிட்சில் (கணினிகளையும் போன்களையும் இணைக்கும் பெட்டி) கியூ.ஓ.எஸ் (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்ற முன்னுரிமை ஏற்பாடு) போட்டால் குரல் தெளிவாகிவிடும் என்று உங்களுக்கும் யாராவது கொட்டேஷன் கொடுத்திருக்கலாம்.

எங்களுடையது கோவையில் ஒரு சின்ன ஏற்றுமதி நிறுவனம். இரண்டு மாடி, மாடிக்கொரு சிஸ்கோ 2960 சுவிட்ச், நடுவே ஒரே ஒரு 1 ஜி.பி.பி.எஸ். இணைப்பு. மாலையில் எல்லாக் கணினிகளும் கீழே இருக்கும் சர்வருக்கு பேக்கப் அனுப்பத் தொடங்கியதும் போனில் குரல் வெட்டி வெட்டி வரும். இதற்கு கியூ.ஓ.எஸ் சரியான மருந்துதான். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிற ஆள் அதையே சொன்னார். தனி வேலை என்று 18% ஜி.எஸ்.டி.யோடு பில் போட்டார், வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசம். பகலிலும் குரல் உடைந்தது. கேட்டால், "சுவிட்ச் பக்கம் எல்லாம் பக்கா சார், உங்க நெட் லைன்தான் பத்தலை, பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார். அந்தப் பிளானையும் அவரே வாங்கித் தருவாராம்!

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு மேலுறைகள் (முகவரி போன்ற கூடுதல் தரவு) எல்லாம் சேர்த்து 90 கே.பி.பி.எஸ். அளவுதான் போகும். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 3 எம்.பி.பி.எஸ்.கூட வராது. அதைவிட, மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் பேசினாலே குரல் உடைகிறது. அந்த அழைப்பு இன்டர்நெட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சுவிட்ச் பாஸ்வேர்டைக் கேட்டால் "கம்பெனி பாலிசி" என்று இழுத்தடித்தார். பொருள் நம்முடையது, பூட்டு மட்டும் அவருடையது! ஏ.எம்.சி. பாக்கியை நிறுத்தி வைத்ததும் பாலிசி மாறிவிட்டது. நெட்வொர்க் தெரிந்த நண்பர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தார். அந்த ஆள் செய்திருந்தது ஒரே ஒரு வரி: 'எம்.எல்.எஸ் கியூ.ஓ.எஸ்', அதாவது கியூ.ஓ.எஸ்ஸை இயக்கும் கட்டளை மட்டும். போர்ட் (கேபிள் செருகும் இடம்) ஒவ்வொன்றிலும் 'நாட் டிரஸ்டட்' (நம்பவில்லை) என்று காட்டியது.

இந்த சுவிட்சில் விஷயம் இதுதான். போன் குரலைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக்கி, அவற்றில் டி.எஸ்.சி.பி. 46 என்று முன்னுரிமை முத்திரை குத்தி அனுப்பும். கியூ.ஓ.எஸ்ஸைப் பொதுவாக இயக்கிவிட்டு, போர்ட்டில் அந்த முத்திரையை நம்பச் சொல்லாமல் விட்டால், சுவிட்ச் அதை அழித்து 0 ஆக்கிவிடும். சிறப்பு தரிசன டிக்கெட்டை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு பொது வரிசையில் நில் என்ற மாதிரி. போதாக்குறைக்கு, இயக்கியதுமே போர்ட்டின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) நான்கு வரிசைகளுக்குப் பங்காகிவிடும். குரலும் பேக்கப்பும் அதில் ஒரே வரிசையில் போய் முட்டும், பாக்கெட்டுகள் முன்னைவிட அதிகமாகத் தவறிப்போகும். சும்மா இருந்திருந்தாலே தேவலை.

நண்பர் போன் போர்ட்டுகளிலும், இரு சுவிட்சுகளுக்கும் இடையிலான இணைப்பின் இரு முனைகளிலும் 'டிரஸ்ட் டி.எஸ்.சி.பி.' போட்டு, முன்னுரிமை வரிசையையும் இயக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. பேக்கப் ஓடும்போதும் இப்போது குரல் சுத்தமாக வருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த ஏ.எம்.சி.யில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த ஏ.எம்.சி. அவருக்குத்தான் என்று யார் சொன்னது?

நீங்கள் பில்லைப் பாஸ் செய்யும் முன், 'ஷோ எம்.எல்.எஸ் கியூ.ஓ.எஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டளையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், போன் போர்ட்டுகளில் 'நாட் டிரஸ்டட்' என்று வரக் கூடாது. கான்ஃபிகரேஷன் நகலையும் பாஸ்வேர்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். நெரிசல் இருக்கிற நேரத்திலேயே பேசிக் காட்டச் சொல்லுங்கள், காலை ஒன்பது மணிக்கு எல்லாக் குரலும் நன்றாகத்தான் கேட்கும். உங்கள் நெரிசல் இன்டர்நெட் லைனில்தான் என்றால் சுவிட்சில் என்ன போட்டாலும் பயனில்லை. அதை ரவுட்டரில், அப்லோடு வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுப்பாடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.