செகண்ட் ஹேண்ட் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்: சில வருஷப் பயன்பாட்டு அனுபவம்

தென்னந்தோப்பில் புல் வெட்ட, பழைய 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை வாங்கிச் சில வருஷம் ஓட்டியதில் தெரிந்துகொண்டவை இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் நன்றாக இருந்தால் மற்ற கோளாறுகளில் பெரும்பாலானவை சின்னச் செலவில் தீரும். சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதைப் பார்க்க சைலன்சரைக் கழற்றினால் போதும். எக்ஸாஸ்ட் ஓட்டையில் டார்ச் அடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்குங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல் தெரிந்தால் பெட்ரோலில் கலக்கும் ஆயில் குறைந்து ஓடியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுத்திருக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்கிறாரா விற்பவர்? கயிற்றுப் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். மெஷின் விட்டு விட்டு, தடைபட்டு இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய மெஷினில் அதிகம் வரும் தொல்லை: சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். பெட்ரோல் போதாமல்தான் இப்படி ஆகிறது. பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு அணைந்தால் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்று வால்வு அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் டேங்கிற்குள் கிடக்கும் ஃபில்டர், அடுத்து ட்யூப். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, விறைத்து விரிசல் விடும்.

கடைசியாக கார்புரேட்டர். அதிலுள்ள டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) துணி போலத் துவள வேண்டும். விரலில் தட்டினால் பிளாஸ்டிக் மாதிரிச் சத்தம் வந்தால் டயாஃப்ரமும் கேஸ்கட்டும் சேர்ந்து வரும் கிட்டை மாற்றியே ஆக வேண்டும். பம்ப் பக்க மூடிக்கு அடியில் மிளகு அளவில் ஒரு வலை இருக்கும். அது அடைபட்டாலும் இதே தொல்லைதான். மாட்டும்போது வரிசை முக்கியம்: உள்ளே சின்ன நெம்புகோல் இருக்கும் பக்கத்தில் முதலில் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் தாள்), மேலே டயாஃப்ரம். பம்ப் பக்கத்தில் பொதுவாக முதலில் டயாஃப்ரம், மேலே கேஸ்கட். கழற்றும்போதே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். துளைகளைக் கம்பியால் குத்த வேண்டாம், கிளீனர் அடித்து ஊதினால் போதும்.

ஐடிலில் எஞ்சின் தானாக அலறினால் பலர் ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பி அடக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டிலோ கிராங்க் சீலிலோ (எஞ்சின் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) காற்று உள்ளே போகலாம். காற்று கூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைகிறது. பிஸ்டனில் கோடு விழுவது இப்படித்தான். எஞ்சின் ஓடும்போது கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான்.

ஸ்பார்க் வராவிட்டால் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ., காயிலுக்கும் (ஸ்பார்க் கொடுக்கும் சுருள்) ஃப்ளைவீலுக்கும் இடையே 0.3 மி.மீ. வைத்துவிட்டு, எஞ்சினை அணைக்கும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிச் சோதியுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் காயில் மாற்ற வேண்டியதுதான். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் சைலன்சர் வலையிலும் எக்ஸாஸ்ட் ஓட்டையிலும் கரி படிந்திருக்கும்.

இந்த வகை மெஷினுக்குப் பொதுவாக 25:1 கலவை, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். பைக்கின் எஞ்சின் ஆயில் ஊற்றக் கூடாது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்து மெஷினை ஓரம் வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இப்படிச் செய்தால் கார்புரேட்டர் கிட் நீண்ட நாள் வரும். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் ஹெட்டில் லித்தியம் கிரீஸ் வையுங்கள். பிளேடு நட்டுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். பழகிய பக்கம் பலமாகத் திருப்பினால் மரை அறுந்துவிடும்.